கோட்டைக்குள் இரண்டு வெடி

ஆற்றங்கரைக் கோட்டைப் பூங்காவில் ஒரு நாள் கூடாரமடித்துத் தங்கிவிட்டு இப்போதுதான் லாசாலில் உள்ள வீட்டுக்குத் திரும்பினோம். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காலையில் கோட்டைக்குள், பழைய காலப் படைவீரர் உடுப்புப் போட்ட ஒரு பெண், துவக்குச் சுட்டுக் காட்டப்போவதாக அறிவித்தாள்.

என் கணவர் ஊரில் நடந்த போருக்குள் இருந்து தப்பி வந்தவர். மொன்றியலில் வாணவேடிக்கை நாட்களில் யன்னல்களைப் பூட்டிவிட்டு டிவியைச் சத்தமாகப் போடுவார்.

"வாங்கோ, ஆத்தடிக்குப் போவம்" என்றேன்.

"இல்லை, இண்டைக்கு நிண்டு பாக்கப்போறன். நீர் பக்கத்தில நில்லும்."

அந்தப் பெண் துவக்குக் குழலுக்குள் வெடிமருந்தைக் கொட்டி, கம்பியால் இடித்து, அவசரமே இல்லாமல் ஆறுதலாக நிமிர்ந்தாள். வெடித்தது. என் விரல்கள் நசுங்கும்படி இறுக்கிப் பிடித்தார். ஆனால் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

புகை கலைந்ததும் சிரித்தார்.

"இவ்வளவு நேரம் எடுத்தா, எதிரி தேத்தண்ணி குடிச்சிட்டெல்லோ போயிடுவான்!"

எனக்குத்தான் கண் கலங்கியது. அவரோ அவளிடம் போய், இன்னொரு தரம் சுட முடியுமா என்று பிரெஞ்சில் கேட்டார். இரண்டாவது வெடிக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

பிறகு மீன் பிடிக்கப் போனோம். துவக்குக்கு அசையாத மனிதர், தூண்டிலில் மாட்டிய மீன் துள்ளியதும் "ஐயோ!" என்று கத்தி, தூண்டிலையே ஆற்றில் விட்டுவிட்டார்.

இப்போது கடையில் வாங்கிய ரின் மீனில்தான் குழம்பு கொதிக்கிறது. உங்கள் வீட்டு வீரர்கள் எப்படி?