ரமாபாய் லைனில் இருபத்து நான்கு காராமணி

எர்ணாவூர் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும். ஆட்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். குடங்கள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையை ஆள்பவர் ரமாபாய் அக்கா. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் வெட்டும் வேலையை முடித்துவிட்டு வந்து குழாயைப் பிடிப்பார். எந்தக் குடம் யாருடையது, எந்த வீட்டில் விருந்தாளி, முந்தாநாள் எவர் ஒரு குடம் கூடுதலாகப் பிடித்தார், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். பதினோரு வருடத்தில் அவர் லைனில் ஒரு குடம்கூடக் காலியாகத் திரும்பியதில்லை. அதைச் சொல்லும்போது அவர் கழுத்து சற்று நீளும்.

நான் கமுதிப் பக்கத்துக் கிராமத்தான். எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. என் குடத்தில் பெயரையும் பக்கத்தில் பி.எஸ்சி. (வேளாண்மை) என்பதையும் பெயின்ட்டால் எழுதியிருந்தேன்.

"இன்னா நைனா, கொடத்துக்குமா பரிச்ச வச்சாங்க?" என்றார் அக்கா முதல் நாளே.

இப்போது எம்.எஸ்சி. ஆய்வு. விதை வங்கியின் குளிர் அறையில் வெகுகாலம் கிடந்த பழைய காராமணி ரகங்களில் வறட்சி தாங்குவது எது என்று கண்டுபிடித்து, அதை நன்றாகக் காய்க்கும் ரகத்தோடு கலந்து புது ரகம் உண்டாக்க வேண்டும். வங்கி கொடுத்தது ரகத்துக்கு நான்கே விதை. மறுபடி கேட்க முடியாது. ரகத்துக்கு ஒன்றாக இருபத்து நான்கு தொட்டிகளுக்கு நம்பர் போட்டு, மொட்டை மாடியில் பாலிதீன் கூரைக்குக் கீழே வைத்தேன். பூ விட்டதிலிருந்து இருபது நாள் சொட்டுத் தண்ணீர் கூடாது. இது கெட்டால் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். ஊரில் அப்பாவோ 'வருங்கால விஞ்ஞானி' என்று ஃபிளெக்ஸே வைத்துவிட்டார்.

முதல் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்ப் பொழுது சாயத் திரும்புவேன். பதினெட்டாம் நாளும் எல்லாச் செடியும் பச்சை. இருபத்து நான்குமே வறட்சி தாங்குகின்றன! வழிகாட்டி ஜெயஸ்ரீ மேடத்துக்குப் போன் போட்டு ஏறக்குறையக் கத்தினேன். மறுநாளே வந்தார். நான்காம் தொட்டிக்குள் விரலை விட்டார். விரல் ஈரமாக வந்தது.

"நீ மண்ணைத் தொட்டே பார்க்கலையா?"

இலையைத்தான் பார்த்தேன். மண்ணில் கை வைக்கக்கூடாது என்றுதானே அப்பா என்னைப் படிக்க வைத்தார்.

அப்போது மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார் ரமாபாய், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

"அக்கா, நீங்களா ஊத்துனீங்க?"

"பின்ன? வளத்துட்டு ஒரு வாய் தண்ணி காட்ட மாட்டேன்ற. தலைய தொங்கப் போட்டுகினு நிக்கிதுங்க. என் லைன்ல கீறதுங்க தண்ணி இல்லாம சாவறதா?"

"எல்லாம் போச்சுக்கா!" தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஃபிளெக்ஸில் என் முகம் கிழிவது கண்ணுக்குத் தெரிந்தது.

மேடம் மட்டும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாத்துக்கும் சமமா ஊத்துனீங்களாம்மா?"

"சமமா இன்னாத்துக்கு? கேக்கறதுக்குத்தான் ஊத்துவேன். இந்த நாலாம் நம்பரு கீதே, மூணாம் நாளே தொங்கிச்சு, பேஜாரு புடிச்சது. ஒம்பதும் பன்னண்டும் அடுத்த நாளு. இருவது ரோசக்காரன், பத்து நாளு வாயத் தொறக்கல..."

அவர் விரல் தொட்டி தொட்டியாக நகர்ந்தது. மேடம் என் நோட்டைப் பிடுங்கி எழுத ஆரம்பித்திருந்தார்.

"பதினேழு?"

"அது கேக்கவே இல்லியே."

பதினேழின் மண் வெடித்துக் கிடந்தது. செடி காய் பிடித்து நின்றது.

"இதை ஆய்வுன்னு எழுத முடியாது, முறையா மறுபடி செய்யணும்," என்றார் மேடம். "ஆனா இவங்க ஊத்தலைன்னா பாதி செத்திருக்கும். இப்ப எல்லாத்துலயும் காய் இருக்கு, விதைக்குப் பஞ்சமில்லை. பதினேழை முன்னால வச்சு ஆரம்பி. மூணு மாசப் பயிர்தானே, வருஷம் போகாது."

எனக்கு உயிர் வந்தது. "அக்கா, அடுத்த தடவையாச்சும்..."

"அடுத்த வாட்டி வேற பில்டிங் மாடிக்கு எடுத்துகினு போ நைனா. என் லைன்ல எவனும் தண்ணியில்லாம நிக்கக்கூடாது."

படியிறங்கப் போனவர் நின்று பதினேழைத் திரும்பிப் பார்த்தார்.

"அது வேணா இங்கியே இருக்கட்டும். அதால ஒரு தொல்லயும் இல்ல."