நீலம் குடிக்காத பொடி

கணவர் இறந்தபின் சின்ன அத்தை கல்லூரிக்குத் திரும்பிய நாளில், அவருடைய வேதியியல் மாணவர்கள் சாயத்தை உறிஞ்சுவதற்காகத் தாங்கள் செய்த நுண்துளைப் பொடியைச் சாயக் கழிவுநீரில் போட்டார்கள். நீர் நீலமாகவே நின்றது.

“மேடம், நம்ம பொடி உண்ணாவிரதம் போல!” என்றாள் ஒருத்தி.

பொடி செய்தபோது துளைகளில் தங்கிய கரைப்பான் திரவத்தைச் சூடாக்கி வெளியேற்றச் சொல்ல அத்தை மறந்திருந்தார். ஒருநாளும் அவர் தவறவிடாத கட்டம் அது. வகுப்பை வேறொருவரிடம் விடும்படி துறைத்தலைவர் காலையில்தான் சொல்லியிருந்தார். வகுப்பும் போனால் வெறும் வீடுதான் மிஞ்சும்.

“தப்பு என்னோடதும்மா. துளையெல்லாம் ஏற்கெனவே நிறைஞ்சு கிடக்கு. அப்புறம் எப்படிக் குடிக்கும்? ஓவன்ல வைங்க.”

மறுநாள் சூடாக்கிய பொடியைப் போட்டதும் நீர் தெளிந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். அத்தையின் மனம் மரத்துப்போன விரல்போலக் கிடந்தது.

“லீவு வேணுமா?” என்றார் துறைத்தலைவர், வாசலில் நின்றபடி.

“வேண்டாம் சார். நாளைக்கு அடுத்த பேட்ச் வருது,” என்றபடி அத்தை குடுவையைக் கழுவினார்.