அரக்கனின் வலது கண்

கோயில் வாசலில் பன்றிக்கறிச் சோறு விற்பவள் ரஸ்மினி. பானை காலியானதும் கையைக் கழுவிக்கொண்டு படம் வரைய உட்காருவாள். முதலில் மூங்கில் பேனாவால் கறுப்பு மை, அதன்மேல் ஏழெட்டுப் பூச்சாக நீர்வண்ணம்.

பௌர்ணமிதோறும் ஊர் வாசிப்புக் குழு, பழைய மொழியிலுள்ள ஏரித்தேவியின் காவியத்தைப் பாடும். லந்திரா பாட, தலைவர் சுதர்கா பொருள் சொல்வார். இருபது வருடமாக அவர்களுக்குக் காபி கொடுத்தபடியே ரஸ்மினி கேட்டிருக்கிறாள். காவியத்தை அச்சிடப் போகிறார்கள் என்றதும், படம் நான் போடுகிறேன் என்றாள். சரி, போட்டுப் பார் என்றார்கள், அரைமனதாக. எட்டு மாதம் உழைத்துப் பன்னிரண்டு படம் கொண்டுவந்தாள்.

பதினொன்றைக் குழு குறை சொல்லாமல் பார்த்தது. பன்னிரண்டாவதில் தேவியின் அம்பு பட்டு அரக்கன் சாய்கிறான். அரக்கனுக்கு உருண்டைக் கண், தேவர்களுக்குக் கீற்றுக் கண். இது அந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். இவள் அரக்கனுக்கு இடது கண்ணை உருண்டையாகவும் வலது கண்ணைக் கீற்றாகவும் வரைந்திருந்தாள்.

சுதர்கா சிரித்தார். "என்னம்மா, கறி வெட்டிக்கிட்டே வரைஞ்சியா? அச்சுல வந்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். பேசாம டவுன்ல ஒரு ஓவியரைப் பிடிச்சு எல்லாத்தையும் புதுசா போடச் சொல்லுவோம்."

ரஸ்மினியின் எட்டு மாத உழைப்பும் ஒரு கண்ணால் போய்விடும் போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"லந்திரா அண்ணே, அரக்கன் விழற அந்தப் பாட்டைப் பாடுங்க. தலைவர் பொருள் சொல்லட்டும்."

லந்திரா பாடினார். அம்பு பட்டது, அரக்கன் விழுந்தான், ஏரி நிரம்பியது என்று சுதர்கா முடித்தார்.

"பாட்டுல நாலு வரி. நீங்க மூணுக்குத்தான் சொன்னீங்க. இருபது வருஷமா அப்படித்தான் சொல்றீங்க."

"அது... சும்மா ஓசைக்கு வர்ற வரி."

"நான் பழஞ்சொல் அகராதி வாங்கிப் பார்த்துட்டேன். நீங்களும் ஒவ்வொரு சொல்லா சொல்லுங்க."

லந்திரா அந்த வரியை நிறுத்தி நிறுத்திப் படித்தார். சுதர்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். "சாபம்... விலக விலக... பாதி முகம் இன்னும் அரக்கன்... பாதி முகம்..."

 அவர் பார்வை படத்தின் வலது கண்ணில் நின்றது.

லந்திரா தொடையில் தட்டிச் சிரித்தார். "நீ இருபது வருஷமா முழுங்கின வரியைக் கறிக்காரி கக்க வெச்சுட்டாளேய்யா!"

சுதர்காவின் முகம் கறுத்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். "பன்னிரண்டும் அப்படியே அச்சுக்குப் போகட்டும்."

"அந்த வரியோட பொருளையும் படத்துக்குக் கீழ போடுங்க. இனிமே யாரும் தாண்டக்கூடாது" என்றாள் ரஸ்மினி. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காபிக் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, பாடுகிறவர்களின் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ காபி?" என்றார் லந்திரா.

"தலைவர் ஊத்துவார்."

சுதர்கா கெட்டிலை எடுத்தார்.