ஏகாம்பரத்தின் ரோஸ்

நேற்று பள்ளிக்கரணை பக்கம் நான் போன பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே சதுப்பு நிலத்தின் அழுகல் வாடை ஏறியது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மட்டும் திருத்தணி ஞாபகம் வந்தது. ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும். தண்ணீரில் பூநாரைகள் நின்றன, நீளக் காலும் ரோஸ் இறகுமாக. பக்கத்துச் சீட்டுப் பெண் போனில் படம் பிடித்தபடி, "எவ்ளோ அழகு இல்ல?" என்றாள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் முதல் வேலை போனதே இந்தப் பறவையால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அப்போது நான் திருத்தணியில் ஏகாம்பரத்தின் சாயப்பட்டறையில் இருந்தேன். லுங்கி நெய்கிற நூலுக்குச் சாயம் ஏற்றித் தருவது அவர் தொழில். அந்த நூலை மொபெட்டில் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளிப்பட்டுத் தறிக்காரர்களிடம் சேர்ப்பது என் வேலை. போன தடவை சேர்த்த நூலுக்குத் திட்டு வாங்குவதும் என் வேலைதான். ஏகாம்பரத்தின் நீலம் நிற்கும், பச்சை நிற்கும். ரோஸ் மட்டும் இரண்டு சலவையில் ஓடிவிடும். கேட்கிற ஒவ்வொருவரிடமும், "உங்க ஒருத்தருக்குத்தாங்க இப்டி ஆவுது, உங்க தண்ணி சரியில்ல" என்று சொல்லிவைத்திருந்தோம். அந்த ஒரு நிறத்தை எப்படியாவது நிற்கவைத்துவிட வேண்டும் என்று மனிதர் பத்து வருடமாக உப்பை மாற்றினார், சூட்டை மாற்றினார். படியேறிப் போய் முருகனுக்கு மொட்டையும் போட்டார். முடி வளர்ந்ததே தவிர ரோஸ் நிற்கவில்லை.

ஒரு தை மாதம், பைபாஸை ஒட்டிய ஏரியில் பத்துப் பன்னிரண்டு பறவைகள் வந்து இறங்கின. பழவேற்காட்டுக்குப் போக வேண்டியவை வழி தவறியிருக்கலாம். வந்தபோது அழுக்கு வெள்ளையாக இருந்தன. பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஏரி முழுக்க ரோஸ்! இளசாக இருக்கும்வரை இவை வெளுப்பாகத்தான் இருக்கும், வளர வளரத் தின்கிற தீனியால் நிறம் ஏறும், முதலில் வந்தது இளசு, பின்னால் சேர்ந்தது பெரிசு என்பதெல்லாம் அன்றைக்கு ஊரில் யாருக்குத் தெரியும்? ஏரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாயப்பட்டறை இருந்தது. அது போதாதா?

ஏரியில் எருமை குளிப்பாட்டும் பால்காரர் முனிரத்தினம்தான் முதலில் கொடி பிடித்தார். "கொக்கே செவந்து பூடுச்சி. நாளைக்கு என் எருமை செவந்துச்சின்னா பாலு எவன்யா வாங்குவான்?"

எருமை எப்படிச் சிவக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பறவையைப் பிடித்துத் துவைத்துப் பார்த்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். பார் சோப்போடு இரண்டு பேர் இறங்கினார்கள். இவர்கள் பத்தடி போனால் அவை பத்தடி நகர்ந்தன. கடைசியில் சோப்புதான் சேற்றில் தொலைந்தது. கரையேறி, சாயத் தண்ணீர் ஏரியில் கலக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு எழுதினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் சாயத் தண்ணீர் ஏரிக்குப் போகவே இல்லை. பட்டறைக்குப் பின்னால் தொட்டி கட்டி அதில்தான் விட்டோம்.

ஒரு காலையில் ஜீப்பில் அதிகாரி வந்தார். கரையில் ஊரே கூடியிருந்தது. பள்ளிப்பட்டுத் தறிக்காரர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஏகாம்பரத்தின் மச்சினன் கோவிந்தனும் ஒருவர். அதிகாரி தங்கமான மனிதர். "இது உங்க சாயம் இல்லைன்னு ஏதாவது அத்தாட்சி காட்டுங்க, எழுதிக்கிட்டுப் போயிடறேன். இல்லைன்னா பட்டறையைப் பூட்டணும்" என்றார்.

அத்தாட்சி என் பையிலேயே இருந்தது. முந்தின நாள் கோவிந்தன் திட்டித் திருப்பி அனுப்பிய லுங்கிகள். ரோஸ் கட்டம் இருந்த இடமே தெரியவில்லை. துணியிலேயே நிற்காத சாயம், தண்ணீரிலேயே கிடக்கிற பறவைமேல் எப்படி நிற்கும்? ஒன்றை விரித்துக் காட்டினால் அதிகாரி போய்விடுவார். ஆனால் அத்தனை தறிக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள், எங்கள் 'உங்க ஒருத்தருக்குத்தாங்க' பொய்யும் சேர்ந்து வெளுத்துவிடும்.

"எடுக்கட்டுமா மொதலாளி?" என்று பைக்குள் கைவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். கண் பறவைகள்மேலேயே இருந்தது. முழங்கால் தண்ணீரில் அவை தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு சொட்டு நிறம் ஓடவில்லை. "இன்னா கலருடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ஆங். நம்ம சாயந்தாங்க."

முதலில் பேசியது கோவிந்தன்தான். பாவம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா பாவா, கொக்குக்கெல்லாம் நிக்கிற சாயமா போட்டுக்கினு, சொந்த மச்சானுக்கு ஓடற சாயத்தைக் குடுத்துக்கினு இருந்தியே!"

அதற்குள் மற்ற தறிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எனுக்கு அதே ரோஸு", "எனுக்கும்" என்று ஒரே சத்தம். அவ்வளவு ஆர்டர் அந்தப் பட்டறை ஆயுசில் பார்த்ததில்லை. மத்தியானம் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார்கள். "அவரே ஒத்துக்கிட்டப்புறம் நான் என்னங்க செய்யறது?" என்று அதிகாரி என்னிடம் நொந்துகொண்டார். பூட்டிய வாசலில் ஏகாம்பரம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அன்று பையைத் திறக்காததற்காக எனக்கு என்மேல் இன்னும் கோபம் உண்டு. திறந்திருந்தால் அந்த முகத்தைப் பார்த்திருக்க முடியாது என்பதும் தெரியும்.

மாசிக் கடைசியில் பறவைகள் போய்விட்டன. நான் சென்னைக்கு வந்து சேர்ந்தேன். தை மாதம் ஊருக்குப் போனால் ஏகாம்பரத்தை ஏரிக்கரையில்தான் பார்க்க முடியும். "வரும்டா. நெறம் கொறைஞ்சிருக்கான்னு பாக்கணும்" என்பார். மூன்று தை அப்படி நின்றார். ஒரு பறவையும் வரவில்லை. முனிரத்தினத்தின் எருமைகள் கறுப்பாகவே இருந்து கறுப்பாகவே விலைபோயின. பட்டறை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது. நாலாவது தையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். ஏரியில் மண்ணடித்து, கண்ணுக்கெட்டிய வரை மனைக்கல் நட்டிருந்தார்கள்.

"நாம நின்னுகினு இருந்த கரை எங்கடா?" என்று கேட்டார்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.