ஒரே உத்திரம், இரண்டு வீடு

தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் பழைய தெரு இப்போதுதான் மறுபடி களைகட்டுகிறது. அங்கே நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்த ஒரு பழைய வீட்டின் பாதியை வாங்கிப் புதுப்பித்தேன். மறுபாதி பிலோமி அக்காவுடையது.

"உத்திரத்துல செல்லு அரிச்சிருக்கு. அறுத்துட்டு இரும்பு வச்சிருவோம்" என்றார் காண்ட்ராக்டர். அந்த உத்திரம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமலே நான் தலையாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

வாள் பாதி இறங்கியபோது அக்கா ஓடிவந்தார். "ஏளா, எங்க அடுப்பங்கரை மச்சு கீழ இறங்குது."

அதே தேக்கு உத்திரம்தான் நடுச்சுவரைத் தாண்டி அவர் வீட்டையும் தாங்கியிருக்கிறது. அவசரமாக முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்ப் பார்த்தோம். அவர் நின்றிருந்த இடத்தில் காரை பெயர்ந்து விழுந்து, மீன்குழம்புச் சட்டி உடைந்து கிடந்தது.

காண்ட்ராக்டர் அசரவில்லை. "ரெண்டையும் இடிச்சு ஃபிளாட் கட்டிருவோம்."

"நீரு கெளம்பும்" என்றார் அக்கா. நானும் அதையேதான் சொன்னேன்.

பிறகு ஒரு தச்சர் வந்து, செல்லரித்த மேல்பகுதியைச் செதுக்கிவிட்டு, அறுத்த இடத்தில் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார். வீடு கம்பீரமாக நிற்கிறது.

இப்போது என் பக்கம் துளை போடுவதானாலும், முதலில் அக்கா வீட்டுக்குப் போய் அண்ணாந்து பார்க்கிறேன். இடித்துக் கட்டலாம் என்று வருகிறவர்களையும் அங்கேதான் அனுப்பிவைக்கிறேன்.