பிடியரிசிப் போணி

எங்கள் வீட்டில் உலையில் அரிசி போடும் முன் ஆளுக்கு ஒரு பிடி கர்த்தருக்கு. அவரவர் பங்கை அவரவர் கையால்தான் போட வேண்டும் என்பது மாமியின் சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பல் தேய்த்த கையோடு அம்மாவும் மகனும் வந்து, அரிசிப் பானைக்குள் கைவிட்டு, அடுப்புத் திட்டில் இருக்கும் அலுமினியப் போணியில் ஒரு பிடி சம்பா அரிசி போட்டுவிட்டுத்தான் காப்பிக்கே உட்காருவார்கள். மூன்று பேர் போட்டால் சனிக்கிழமை ஆகும்போது போணி கழுத்து முட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் கொண்டுபோய்க் கொட்டினால், பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் இல்லாதப்பட்ட வீடுகளுக்குப் பங்கு வைப்பார்கள். தசமபாகத்தை இப்போது போனிலேயே அனுப்பிவிடலாம். பிடியரிசிக்குக் கைதான் வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இடதுகைப் பழக்கம். புதுக்கடையில் பெயின்ட் கடை வைத்திருந்தார். அவர் அள்ளிப் போட்டால் கொஞ்சம் திட்டில் சிந்தாமல் இருக்காது, அதுவும் எப்போதும் போணிக்கு இடப்பக்கம்.

"ஏலே, கர்த்தருக்கு இடத்தே கையாலயா குடுப்ப?" என்பார் மாமி.

"ரெண்டும் அவரு தந்த கைதானம்மா."

அம்மாவும் மகனும் நியாயம் பேசுவார்கள். சிந்தியதைப் பொறுக்குவது மட்டும் நான்.

போன மழைக்காலத்தில் கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவே இல்லை. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் மகள் அடக்கத்துக்கு வந்தாள், லீவு முடிந்து போனாள். பிறகு வீட்டில் மாமியும் நானும்தான். சோறு குறைந்தது, துவைக்கிற துணி குறைந்தது. போணி குறையவில்லை. வந்த துக்கத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை. சங்கத்து அக்கா ஒருத்தி அரிசியைக் கொட்டும்போது வாய்விட்டுச் சொன்னாள்.

"ஆளு குறைஞ்சாலும் ஒங்க போணி குறையல்ல பாத்தியளா."

தனிவீட்டில் இருக்கும் கொழுந்தனும் அன்றைக்குப் பக்கத்தில் நின்றான், அவன் முகம் மாறிவிட்டது.

மறுநாள் போணியைப் பார்த்தேன். இடப்பக்கம் அரிசி சிந்திக் கிடந்தது.

"மாமி, அவருக்கும் சேத்துப் போடுதியளா?"

மாமி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஆமா மக்கா. ஓர்மை இல்லாம கை தன்னால போவுது" என்றார்.

இது காதில் விழுந்ததும், கொழுந்தனுக்கு அது போதும். "மைனி, அம்மைக்கு மண்டை குழம்பிட்டு. இன்னைக்கு அரிசி, நாளைக்கு கேஸைத் திறந்து விட்டுட்டுப் படுத்துருவா. நாகர்கோவில்ல ஒரு ஹோம்ல பேசிட்டேன். எடம் கிடைக்குதுவரை எனக்க வீட்ல இருக்கட்டு." கெட்டவன் இல்லை, பயந்தவன். நான் சண்டை போட்டேன், அழுதேன். அவரும் போய், மாமியும் போனால் இந்த வீட்டில் எனக்கு யார்? ஆனால் மாமி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. வேதப் புத்தகத்தையும் நாலு சேலையையும் பையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு அவர்மேலேயே வந்தது.

அடுத்த வாரம் முழுக்க வீட்டில் நான் ஒருத்தி. சனிக்கிழமை காலையில் போணியைத் தூக்கினேன். கனத்தது. திறந்து பார்த்தால் இரண்டு பேர் அரிசி இருந்தது. திட்டில் இடப்பக்கம் சிந்தியும் கிடந்தது.

முன்கதவு, பின்கதவு இரண்டும் உள்ளே தாழ் போட்டபடி இருந்தன. எலியாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. எலி அரிசியைத் தின்னும், கொண்டுவந்து வைக்குமா? அன்றைக்கு அடுக்களைப் பக்கமே போகவில்லை, இரண்டு மட்டிப் பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போணியைக் கொண்டுபோகவும் இல்லை. யார் கொடுத்ததென்று தெரியாத காணிக்கையைக் கர்த்தரிடம் எப்படிக் கொடுப்பது?

திங்கட்கிழமை தனியாகச் சமைக்கப் பயந்து மகளை வீடியோவில் கூப்பிட்டேன். போனை மிளகு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அவளுடைய டியூட்டி, தலைவலி என்று எதையெதையோ பேசிக்கொண்டே வேலையைப் பார்த்தேன். உலை கொதித்தது. திடீரென்று அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"அம்மா... கையப் பாருங்க."

பார்த்தேன். வலது கையில் அகப்பை இருந்தது. இடது கை போணிக்கு மேல் மூடியபடி நின்றது, விரல் இடுக்கில் அரிசி ஒழுகி இடப்பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இடது கையால் எனக்கு ஒரு தேக்கரண்டி பிடிக்கத் தெரியாது. கையை விரித்துப் பார்த்தேன். சூடுபட்ட தழும்பு இருந்தது, என் கைதான்.

"அப்பா மாதிரியே போடுறீங்கம்மா" என்று மகள் அழுதாள்.

உடனே கொழுந்தனைக் கூப்பிட்டேன். "அம்மையைக் கொண்டு விடு. போட்டது அவங்க இல்ல, நான்தான். கிறுக்கு எனக்குத்தான்."

மத்தியானம் மாமி வந்தார். கொழுந்தன் போகும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"நீங்க பாத்தியளா மாமி?"

"பாக்காம? அடக்கம் முடிஞ்ச மறுநாளே பாத்தேன்."

"பின்ன ஏன் நீங்கன்னு சொன்னிய?"

"ஏட்டி, நீ இனியும் நாலு பேருக்கு முன்னால நடக்க வேண்டியவ. நான் கிழவி. எனக்குக் கிறுக்குன்னு சொன்னா யாரும் மறுவாட்டி கேக்க மாட்டாவ."

அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்காக ஹோமுக்குப் போகப் பையெடுத்தவர்மேலா நான் கோபப்பட்டேன்? மாமி என் தலையைத் தடவிக்கொண்டே, என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பின்ன, போட்டது நீயும் இல்ல. நான் பெத்த கை எனக்குத் தெரியாதா?"

மறுநாள் காலை மாமி தன் பிடியைப் போட்டுவிட்டு, முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தார். நான் வலது கையால் என் பிடியைப் போட்டேன். பிறகு இடது கை பைய எழும்பியது. இந்த முறை எனக்குத் தெரிந்தே எழும்பியது. மணிக்கட்டுவரை ஜில்லென்றிருந்தது. நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அரிசி இடப்பக்கம் சிந்த ஆரம்பித்தது.

மாமி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஏலே, சிந்தாமப் போடு."

கையில் மிச்சமிருந்த அரிசி ஒரு மணிகூட வெளியே போகாமல் போணிக்குள் விழுந்தது.