கருவாட்டுக்குச் சாதகமான கை

புதுக்கோட்டை மருத்துவமனை ஒன்றில் என் பக்கத்தில் அந்தக் கருவாட்டு வியாபாரி உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய வயிறு. மூட்டை தூக்கினால் இடது கை கடுக்கிறதென்று மனைவி இழுத்து வந்திருந்தார். அந்த அம்மாள் டீ வாங்கப் போன நேரம், பிரஷர் பார்க்க நர்ஸ் வந்தார். இவர் அதே இடது கையை நீட்டிவிட்டு, என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"எப்பவும் பீச்சாங்கையிலதான் பாப்பேன். சோத்துக்கையில ஏறிக் கெடக்கும். அத வீட்டுல பாத்தா கருவாட்ட நிறுத்திருவாங்க."

உள்ளே டாக்டர் இரண்டு கைகளிலும் நாடி பிடித்துப் பார்த்து, ஸ்கேனும் எடுத்தார். கதவு திறந்தே இருந்தது.

"இடது கைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்குங்க. அதான் அதுல பிரஷர் கம்மியா காட்டுது. ஒங்க நெசமான பிரஷர் வலது கையில உள்ளதுதான். ஸ்டென்ட் வச்சா ரெண்டும் ஒரே மாதிரி காட்டும்."

அவர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார். "அப்ப இருக்கட்டும் சார். நம்ம பக்கம் பேசுறது இது ஒண்ணுதான்."

மனைவி விடவில்லை. அடுத்த முறை அதே மருத்துவமனையில் பார்த்தபோது ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

"வலி போச்சுங்க. கருவாடும் போச்சு," என்றார்.

அப்போது நர்ஸ் எனக்குப் பிரஷர் பார்க்க வந்து, "ரெண்டு கையையும் நீட்டுங்க சார்," என்றார். துக்க வீட்டுக்கு வந்தவரைப் போல, குணமான அந்த இடது கையால் வியாபாரி என் தோளைத் தொட்டார்.